1978 அம்பாசிடர் எஞ்சின்: பேரிங் 20 தௌவா, 30 தௌவா?

அப்பாவின்_அம்பி (திண்டுக்கல்):

வணக்கம். அப்பா வாங்கிய மார்க் 3, 1489 சிசி பெட்ரோல். எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் ஆயில் லைட் விட்டுவிட்டு எரிந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கீழே டொக் டொக்கென்று சத்தம். இறக்கிப் பிரித்துவிட்டோம்.

கனெக்டிங் ராட் பேரிங்கின் முதுகில் 010 என்று குத்தியிருக்கிறது, அதாவது ராட் பக்கம் ஏற்கெனவே 10 தௌ அரைத்திருக்கிறார்கள் (ஒரு தௌ என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மெயின் பேரிங்கில் ஸ்டாண்டர்ட் முத்திரை. மூன்றாவது ராடின் மேல் ஷெல்லில் (பேரிங்கின் மேல் பாதியில்) சாம்பல் நிறம் தேய்ந்து செம்பு தெரிகிறது. பேரிங்கில் சுற்றுகிற தண்டான கிராங்கில் நகம் மாட்டுகிற மாதிரி கோடுகள்.

மெக்கானிக் "மெயின், ராட் எல்லாத்தையும் 30 தௌக்கு அரைச்சிடலாம், செட்டு கடையில ரெடியா இருக்கு" என்கிறார். 20 வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். கடைக்காரர் காப்பர்-லெட், அலுமினியம் என்று இரண்டு வகை சொல்கிறார். எதை வாங்குவது? அப்பா இன்னும் மாதம் ஒருமுறையாவது இந்த வண்டியில்தான் பழனிக்குப் போவார், அவசரமே இல்லை. சரியாகச் செய்ய ஆசை.

கிராங்க்_சேலம்:

தம்பி, கடையில என்ன இருக்குன்னு பார்த்து சைஸ் முடிவு பண்ணாதீங்க. முதல்ல கிராங்கை மைக்ரோமீட்டர்ல அளக்கணும். ஒவ்வொரு ஜர்னலையும், அதாவது பேரிங்குல உக்கார்ற உருண்டைப் பகுதியை, முன்னாடி, பின்னாடின்னு ரெண்டு இடத்துல, ஒவ்வொரு இடத்துலயும் குறுக்கும் நெடுக்குமா. கூம்பா தேஞ்சிருக்கா, முட்டை வடிவமா ஆயிருக்கான்னு அப்பதான் தெரியும்.

இந்த எஞ்சின் பிரிட்டிஷ் கம்பெனி பிஎம்சி-யோட பி சீரிஸ், மெயின் பேரிங் மூணே மூணு. மெயின் ஜர்னல் ஸ்டாண்டர்ட் 2 இன்ச், ராட் மாட்டற ஜர்னல், அதாவது ராட் பின், 1.876 இன்ச் கிட்ட. பேரிங் 10, 20, 30, 40 தௌன்னு வரும், அதோட சரி. சும்மா 30-க்குப் போனீங்கன்னா இந்த கிராங்குக்கு இன்னும் ஒரே ஒரு தடவை அரைக்கிற ஆயுசுதான் மிச்சம். இன்னைக்கு இதுக்கு நல்ல கிராங்க் தேடி சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைகள்ல அலையறவங்களைக் கேட்டுப் பாருங்க. கோடு மறையற அளவுக்கு எது குறைஞ்ச சைஸோ அதுதான் உங்க சைஸ். மெயினும் ராடும் ஒரே சைஸ்ல இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

அளந்த பிறகு, அரைக்கிறதுக்கு முன்னாடி பேரிங்கை வாங்கிடுங்க. இதை நான் அழுத்திச் சொல்றேன். ஷெல்லை பிளாக்குலயும் ராட்லயும் மாட்டி, மேனுவல்ல சொன்ன டார்க் (போல்ட்டை இறுக்கற அளவு) கொடுத்து, போர் கேஜ்ல உள்விட்டம் எடுக்கணும். அதுல கிளியரன்ஸை, அதாவது ஆயிலுக்கு விடற இடைவெளியை, கழிச்சு வர்ற அளவுக்கு கிராங்கை அரைக்கணும்.  பட்டறையில நாங்க விட்டம் ஒரு இன்ச்சுக்கு ஒரு தௌன்னு கணக்கு வெச்சு, ரெண்டு தௌ ஒட்டி வைப்போம். கிரைண்டிங்காரர் ஷெல்லைக் கேட்காம டேபிள் பார்த்து அரைச்சா, பெட்டியில என்ன வருதோ அதுக்கு எஞ்சின் தலைகொடுக்கணும்.

வகை பத்தி. காப்பர்-லெட்னா செம்பும் ஈயமும் கலந்தது, மேல ஒரு மெல்லிய ஈயப் பூச்சு இருக்கும். தூசி, துகள் வந்தா அது தனக்குள்ள வாங்கிக்கும், கிராங்கைக் கீறவிடாது. உங்க மூணாவது ராட்ல அந்தப் பூச்சுதான் போயிருக்கு. ராட்ல மேல் ஷெல்லுலதான் வெடிப்போட அடி விழும், அதனால அங்க முதல்ல தேயறது இயல்பு. பூச்சு போன பிறகு ஆயில் புளிச்சுப் போனா செம்புக்கு நடுவுல இருக்கிற ஈயத்தையும் அரிக்கும். அலுமினியம்-டின் வகையில பூச்சு கிடையாது, அரிப்பைத் தாங்கும், ஆனா துகளை அந்த அளவுக்கு விழுங்காது. சுமார் 50 குதிரைத்திறன் எஞ்சினுக்கு பலம் ரெண்டுலயும் தாராளம். மாசத்துக்கு ஒரு தடவை ஓடி, நின்னே கிடக்கிற வண்டின்னா நான் அலுமினியம்-டின் போடுவேன், ஆனா பிளாக்கைக் கண்ணுல ஒத்திக்கிற மாதிரி கழுவணும். பூச்சே இல்லாத காப்பர்-லெட் வாங்காதீங்க, அதுக்கு கெட்டிப்படுத்தின ஜர்னல் வேணும்.

கம்பெனி பேரு, சைஸு, முத்திரை மூணும் ஷெல் முதுகுல இருக்கணும். பைமெட்டல் மாதிரி பேரிங்குக்குன்னே ஒரு கம்பெனி நம்ம கோயம்புத்தூர்ல இருக்கு, அப்புறம் எதுக்கு பேர் இல்லாத பெட்டி?

இன்னொண்ணு, யாராவது பேரிங்கை மூடற கேப்பை ராவினாலோ, ஷெல்லுக்கு அடியில ஷிம் (மெல்லிய தகடு) வைக்கலாம்னு சொன்னாலோ கிராங்கைத் தூக்கிட்டு வந்துடுங்க. ஷெல்லைப் பிடிச்சு நிறுத்தறது அந்தச் சின்ன மூக்கு இல்லை, கேப்பை இறுக்கும்போது கிடைக்கிற நெருக்கம்தான். ராவினா அதுதான் கெட்டுப்போகும்.

கும்பகோணம்_மார்க்2:

சேலம் அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயம். இந்த எஞ்சினில் பின்பக்கம் ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் வெட்டியிருக்கிற திருகு வரிதான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. பின் மெயினில் கிளியரன்ஸ் அதிகமானால் அந்த வரியால் சமாளிக்க முடியாது, கிளட்சில் ஆயில் இறங்கும். அதனால் பின் மெயினை மட்டுமாவது 2 தௌவுக்கு மேல் விடாதீர்கள்.

கேம் புஷ்ஷையும் (வால்வை இயக்கும் கேம் ஷாஃப்ட் சுற்றுகிற வளையங்கள்) பாருங்கள். ஐடிலில் பிரஷர் விழுந்தால் எல்லோரும் கிராங்க் பேரிங்கை மட்டும் மாற்றுவார்கள். கேம் புஷ் மூன்றும் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த வழியாகவே ஓடிவிடும். புது புஷ் அடித்தபின் மூன்றையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் போட வேண்டும், அது தெரிந்த பட்டறையில் மட்டும் கொடுங்கள். பம்ப்பின் ரோட்டார் இடைவெளியையும் அப்போதே அளந்துவிடலாம்.

அப்பாவின்_அம்பி:

நண்பரின் டூல் ரூமில் அளந்தோம். மெயின் மூன்றும் 1.9985-க்குக் கீழே போகவில்லை, ஆனால் கோடு இருக்கிறது. ராட் பின்களில் மோசமானது மூன்றாவதுதான்: ஒரு பக்கம் 1.8655, குறுக்கே 1.8640. கேம் புஷ் நடுவில் இருப்பது கண்ணுக்கே தெரிகிற அளவு தேய்ந்திருக்கிறது.

கிராங்க்_சேலம்:

அப்போ மூணாவது பின் ஒன்றரை தௌ முட்டை ஆயிருக்கு, டொக் டொக்குக்குக் காரணம் அதுதான். மெயின் 10, ராட் 20. 30-ஐ மறந்துடுங்க. 20 செட்டுக்குக் காத்திருங்க.

அரைக்கக் கொடுக்கும்போது மூணு விஷயம் வாயால சொல்லிக் கொடுங்க. ஓரத்துல இருக்கிற வளைவை அப்படியே விடணும், சதுரமா வெட்டினா கிராங்க் அங்கதான் விரிசல் விடும். ஆயில் ஓட்டை வாய் கூர் இல்லாம மழுக்கணும். அரைச்ச பிறகு கிராங்குக்குள்ள ஓடற ஆயில் வழி முழுக்க பிரஷ் விட்டுக் கழுவணும், கல்லுத்தூள் அங்கதான் ஒளிஞ்சிருக்கும்.

கிராங்க் முன்னும் பின்னும் நகராம தடுக்கிற, நடு மெயின்ல வர்ற த்ரஸ்ட் வாஷரும் புதுசு போடுங்க. வரி வெட்டின முகம் கிராங்கைப் பார்த்து இருக்கணும். மாட்டும்போது பிளாஸ்டிகேஜ் (நசுங்கி இடைவெளியைக் காட்டற பிளாஸ்டிக் இழை) வெச்சு ஒவ்வொரு ஜர்னலையும் ஒரு தடவை சரிபாருங்க. முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு, ஆயில் லைட் அணையற வரைக்கும் செல்ஃப்ல சுத்த விடுங்க.

அப்பாவின்_அம்பி:

மிக்க நன்றி அண்ணே. 20 செட் ஆர்டர் கொடுத்தாச்சு. ஷெல் வந்ததும் பிளாக், ராட், கிராங்க் மூன்றையும் சேர்த்தே கிரைண்டிங்குக்கு எடுத்துப் போகிறேன். உள்விட்ட அளவுகளை இங்கே போடுகிறேன், ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.