அம்மா மருத்துவமனையில் இருக்கும்போது படுக்கையறையைக் காலி செய்யலாமா?

பாலக்கோட்டு மகன்:

நான் ஓசூரில் வேலை செய்கிறேன். பெற்றோர் பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு அடுத்த வாரம் சேலத்தில் இடது முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை. அப்பாவும் துணைக்குப் போகிறார். வீடு பூட்டிக் கிடக்கும் அந்த நாட்களில் அவர்களுடைய அறையை ஒழித்துவிடலாம் என்று நானும் மனைவியும் நினைக்கிறோம்.

அறையில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், என்ன இல்லை என்று கேளுங்கள். பழைய தேக்குக் கட்டில். அதன் இலவம்பஞ்சு மெத்தை நடுவில் குழிந்து கிடக்கிறது. கட்டிலுக்கு அடியில் புளிப் பானைகள், ஒரு தகரப் பெட்டி. பீரோவின் தலையில் துணிக்கடைப் பைகள் உத்தரம் தொடும் அளவுக்கு. அப்பா பட்டுப்புழு வளர்த்த காலத்து மூங்கில் சந்திரிகை, அதாவது புழு கூடு கட்டும் தட்டு, ஒன்று சுவரில் சாய்ந்து நிற்கிறது. அதில் இப்போது கூடு கட்டுவது அவருடைய ஈர வேட்டிதான். ஜன்னல் திட்டில் தைலம், கண் சொட்டு மருந்து, பல் செட் போடும் டம்ளர், நின்றுபோன அலாரம் கடிகாரம். சுவரில் பழைய காலண்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று, ஏனென்றால் பால் கணக்கு அவற்றில் இருக்கிறதாம். தரையில் மிதியடிகள் வேறு.

அடியில் இழுப்பறை வைத்த புதுக் கட்டில் ஒன்று பார்த்திருக்கிறோம். அதைப் போட்டால் எல்லாம் உள்ளே போய்விடும். வாங்கலாமா?

காவேரிப்பட்டணம் டீச்சர்:

தம்பி, எனக்கு எழுபது தாண்டிவிட்டது. வலது முழங்காலை மாற்றியாயிற்று. நான் இல்லாத நேரத்தில் என் அறையை யாராவது "ஒழித்தால்" அன்றைக்கு வீட்டில் உலை வைக்க மாட்டேன்.

முதலில் அந்த இழுப்பறைக் கட்டிலை மறந்துவிடுங்கள். உட்கார்ந்தவர் எழ வேண்டுமானால் பாதம் கொஞ்சம் பின்னால், கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். அறுவை செய்த காலை முன்னே நீட்டி, நல்ல காலைப் பின்னே இழுத்து ஊன்றித்தான் எழச் சொல்லிக்கொடுப்பார்கள். அடியில் பலகை அடைத்திருந்தால் குதிகால் அதில் போய் இடிக்கும். போதாததற்கு, இழுப்பறையைத் திறக்கக் குனிய வேண்டும். யார் குனிவது? உங்கள் அம்மாவா?

உங்களுக்கு அது குப்பை. அவருக்கு இருட்டில் கண்ணை மூடிக்கொண்டு கை போகிற இடம். என் கட்டிலின் தலைமாட்டுக் காலில் ஒரு டார்ச் லைட்டைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மருமகள் அதை அவிழ்த்து மேசை டிராயரில் அழகாக வைத்தாள். அன்றிரவே மின்சாரம் போனது. டிராயர் எங்கே என்று பார்க்கவே ஒரு டார்ச் வேண்டியிருந்தது! மறுநாள் கயிறு திரும்பி வந்துவிட்டது. பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் அப்படித்தான். அதில் யாரும் உட்காருவதில்லை. என் புடவையும் அவருடைய துண்டும்தான் உட்கார்ந்திருக்கும். மாத்திரைக்கும் கண்ணாடிக்கும் அதுவே மேசை. ஆனால் அதைப் பிடித்து எழ மாட்டேன், வழுக்கும். எழுவதற்குக் கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலி வேறு இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒன்று வாங்குங்கள். கட்டிலுக்குச் செலவழிக்க நினைத்ததில் கால்வாசி கூட ஆகாது.

தரையில் இருப்பதை மட்டும் தாராளமாக எடுங்கள். மிதியடி, சுருண்ட பாய், வயர் எதுவும் வேண்டாம். கட்டிலிலிருந்து கழிவறை வரை வாக்கர் இடிக்காமல் போகிறதா என்று நீங்களே ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

புளிப் பானையை அடுப்பங்கரைக்கு மாற்றிவிடாதீர்கள். மாசி, பங்குனியில் வாங்கி, கொட்டை நீக்கி, உப்புச் சேர்த்து அடைத்த புளி அது. ஆவி பட்டால் கசிந்துவிடும். கட்டிலடி இருட்டுதான் அதற்குச் சரி. மருத்துவமனையிலிருந்து வந்ததும் அவர் முதலில் கேட்பது காலைப் பற்றி இருக்காது.

ஓய்வுபெற்ற செவிலியர், தருமபுரி:

டீச்சர் சொன்னதோடு என் பங்கு. குழிந்த மெத்தையில் படுத்தால் எழுவது பெரும்பாடு. பஞ்சை அடித்து இறுக்கமாகத் தைக்கக் கொடுங்கள், இல்லையென்றால் கெட்டியான மெத்தை வாங்குங்கள். உட்கார்ந்தால் இடுப்பை விட முழங்கால் உயரமாக இருக்கக்கூடாது. பாசத்தில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துவிடாதீர்கள். மடக்கியபடியே இருந்தால் கால் நேராக நீள மறுக்கும்.

ஜன்னல் திட்டில் உள்ள கண் சொட்டு மருந்து திறந்து ஒரு மாதம் ஆகியிருந்தால் குப்பைக்கு. பழைய வலி மாத்திரை அட்டைகளை மருத்துவரிடம் காட்டாமல் திரும்ப வைக்க வேண்டாம்.

பத்திர எழுத்தர்:

தகரப் பெட்டியை யாரும் தொட வேண்டாம். உள்ளே "சேலம் மாவட்டம்" என்று போட்ட காகிதம் இருந்தால் நம் ஊர் இல்லை என்று கிழித்துவிடப் போகிறீர்கள். தருமபுரி 1965இல்தான் சேலத்திலிருந்து பிரிந்தது. நிலத்தின் மூலப்பத்திரமே அதுவாக இருக்கலாம். கரையானுக்குப் பயந்து லேமினேஷன் போடவும் கூடாது. நகல் எடுத்துத் தனியே வையுங்கள், அசலை அப்படியே விடுங்கள்.

பாலக்கோட்டு மகன்:

எல்லோருக்கும் நன்றி. இழுப்பறைக் கட்டில் வேண்டாம் என்று கடையில் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் பேசினேன். பீரோ மேல் இருக்கும் பைகளில் எதில் என்ன என்று வரிசையாகச் சொல்கிறார்: பச்சைப் பையில் என் மகளின் தொட்டில் சேலை, வெள்ளைப் பையில் அப்பாவின் சொசைட்டி ரசீதுகள். அந்த ரசீதுகளை வேண்டுமானால் எரித்துக்கொள் என்றார். பின்னாலிருந்து அப்பா கத்துவது கேட்டது.

சந்திரிகையை என்ன செய்வது?

காவேரிப்பட்டணம் டீச்சர்:

ஆணி அடித்துச் சுவரில் மாட்டிவிடுங்கள், கீழே சாய்ந்திருந்தால் வாக்கர் இடிக்கும். வேட்டிக்கு முற்றத்தில் ஒரு கொடி கட்டுங்கள். அவர் கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.