புதுப்பிப்பு: கிளவுட் பில் ஒருவழியாக நின்றது

சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் கடையின் இணையதளத்தை மூடிய பிறகும் கிளவுட் சேவை (இணையம் வழியாக சர்வரை வாடகைக்குத் தரும் சேவை) மாதாமாதம் கார்டில் பணம் எடுக்கிறது என்று எழுதியிருந்தேன். அது நின்றுவிட்டது.

சர்வரை நிறுத்தினால் அது ஓடும் நேரத்துக்கான கட்டணம் மட்டும்தான் நிற்கும். டிஸ்க், ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்), நமக்கென்று ஒதுக்கி வைத்த ஐபி முகவரி (சர்வரின் இணைய எண்) எல்லாவற்றுக்கும் தனித்தனி மீட்டர். பில்லை ரீஜன் (சர்வர்கள் இருக்கும் இடம்) வாரியாகப் பிரித்துப் பார்த்தால் மும்பையில் ஒன்றுமில்லை, சிங்கப்பூரில் ஒரு டிஸ்க் சும்மா கிடக்கிறது! அழித்தேன்.

செலவு நாம் வைத்த வரம்பை நெருங்கினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலர்ட் மெயில்தான் அனுப்பும், தானாகச் செலவை நிறுத்தாது.

அப்புறம், கார்டை பிளாக் செய்யச் சொன்ன காட்பாடி நண்பருக்கு: பிளாக் செய்தாலும் பில் ஏறும், பாக்கி நம் பெயரில்தான் நிற்கும். முதலில் எல்லாவற்றையும் அழியுங்கள், பிறகு வங்கியில் இ-மேண்டேட்டை (கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி) ரத்து செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைத் தள்ளிவிடாதீர்கள்.

இந்த மாதம் பில் பூஜ்யம். அடுத்த பில்லையும் பார்த்துவிட்டுக் கணக்கை மூடுகிறேன்.