‘ஆஸ்ட்ரோ சிட்டி’ காமிக்ஸ் தொகுதிகள் யாரிடமாவது உள்ளனவா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் நான், இரும்புக்கை மாயாவி காமிக்ஸில் தொடங்கிய பலரையும் போல, சூப்பர் ஹீரோ கதை என்றால் அடிதடிதான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். சென்ற மாதம் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை பிய்ந்து கிடந்த ஒரு தொகுதி அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது: கர்ட் பியூசிக் எழுத, பிரென்ட் ஆண்டர்சன் வரைய, 1995இல் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ சிட்டி’ என்னும் அமெரிக்கக் காமிக்ஸ் தொடர். முதல் கதையில், ஓர் ஆபத்திலிருந்து அடுத்ததற்கு ஓயாமல் விரையும் சமாரிட்டன் என்னும் சூப்பர் ஹீரோ, அன்று தான் பறந்த நொடிகளை எண்ணிக்கொண்டே இருக்கிறான். ஆசை தீரப் பறப்பதோ கனவில் மட்டும்தான். நாயகர்களை அண்ணாந்து பார்க்கும் சாதாரண மனிதர்களே பல கதைகளைச் சொல்கிறார்கள். இப்படியொரு தொடரைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லாதது எனக்கு வியப்புதான்.

என் பிரதியில் கடைசிப் பக்கங்கள் இல்லை. இமேஜ் நிறுவனம் 2022 முதல் வெளியிட்ட ‘மெட்ரோபுக்’ பெருந்தொகுதிகளைக் கோவையிலோ பாலக்காட்டிலோ வாங்க வழியுண்டா, அல்லது எவரேனும் இரவல் தர இயலுமா? வெளிவந்த வரிசையிலேதான் படிக்க வேண்டுமா என்பதையும் தெரிவியுங்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் வரை வந்தால் போதும். அங்கே வந்து பெற்றுக்கொள்கிறேன்.