மேப்பிள் ஷாஃப்ட் கடைந்த மறுநாளே வளைவது ஏன்?

கேள்வி: பூல் மேசை ஆட்டத்தின் க்யூ கோலுக்கு மேப்பிள் மரத்தில் 29 அங்குல ஷாஃப்ட் (கோலின் மெல்லிய முன்பாதி). 1 அங்குல விட்டமுள்ள உருளையிலிருந்து ஒரே நாளில் 13 மி.மீ. நுனிவரை இறக்கியாயிற்று. மறுநாள் மேசையில் உருட்டினால் நடுவில் ஆடுகிறது. தவறு வெட்டிலா, மரத்திலா?

பதில் 1: அவசரத்தில். மரத்துக்குள் இறுக்கம் இருக்கிறது. மேல்சதையை எடுத்ததும் அது அவிழ்ந்து வளைகிறது. ஒரு தடவைக்கு விட்டத்தில் ஒன்று, ஒன்றரை மி.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள். பிறகு சில வாரம் செங்குத்தாகத் தொங்கவிட்டு அடுத்த வெட்டு. கடைசி வெட்டுக்கு அரை மி.மீ. போதும். இடையில் வளைந்ததைத் தயங்காமல் கழித்துவிடுங்கள். சூடுகாட்டி நிமிர்த்தினால் பெரும்பாலும் திரும்ப வளையும்.

பதில் 2: மரத்தின் ரேகையை (இழை ஓட்டத்தை) பார்த்தீர்களா? நுனியிலிருந்து மூட்டுவரை, அதாவது கைப்பிடிப் பாதியோடு சேரும் முனைவரை, நேராக ஓட வேண்டும். ரேகை பக்கவாட்டில் வெளியேறும் மரத்தை எத்தனை மாதம் தொங்கவிட்டும் பயனில்லை. மரத்தின் ஈரப்பதம் 6–8 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

பதில் 3: ஒவ்வொரு வெட்டுக்கும் பின் சீலர் (ஈரம் ஏறுவதைத் தடுக்கும் பூச்சு) பூசுங்கள், முக்கியமாக இரு முனைகளிலும். ஈரம் அந்த வழியாகத்தான் வேகமாக ஏறும். வெட்டும் பிளேடு மழுங்கியிருந்தால் மரம் சூடாகி, மெல்லிய நுனிப்பக்கம் அதிரும், அதையும் பாருங்கள்.

கேட்டவர்: ரேகை நேர்தான். அடுத்த உருளையை ஒன்பது வெட்டாகப் பிரித்துக்கொள்கிறேன்.