மறு: கண்ணாடி இழையில் ‘வெப்ப இழப்பு’ – வேறு சொல் பார்க்கலாமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

> அகச்சிவப்புக் கண்ணாடி இழைகளில் வெப்பநிலை ஏறும்போது கூடும் ஒளியிழப்பை ‘வெப்ப இழப்பு’ எனலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்ன சோதனை செய்து பார்த்தேன். என் மைத்துனர் ஆலைகளில் நீராவிக் குழாய்களுக்குக் காப்பு உறை சுற்றும் வேலையில் இருக்கிறார். ‘கண்ணாடி இழைகளில் வெப்ப இழப்பு’ என்று தாளில் எழுதி, இது எதைப் பற்றியது என்று கேட்டேன். “கிளாஸ் வுல்தானே மாமா? எத்தனை இஞ்சு சுத்தணும்?” என்றார். அவர் மேல் தப்பே இல்லை. நாம் எழுதியதற்குப் பொருளே அதுதான்.

உயிரிழப்பு, பொருளிழப்பு, நினைவிழப்பு போன்ற சொற்களில், இழக்கப்படும் பொருள்தான் ‘இழப்பு’க்கு முன்னால் நிற்கும். காரணம் அங்கே வருவது அரிது. அதனால் ‘வெப்ப இழப்பு’ என்றால் போவது வெப்பம். நம் இழையில் போவது ஒளி. வெப்பம்கூட அல்ல, வெப்பநிலைதான் காரணம்.

சொல் தேடும் முன் இழைக்குள் நடப்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் சிலிக்கா இழை 1.55 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல்தான் (ஒளி எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் அலகு) இழக்கிறது. பாதி ஒளி போவதற்கு 15 கி.மீ. ஓட வேண்டும். ஆனால் 2 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பின் அதிர்வுகள் ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். அதற்கு அப்பால் போக, கனமான அணுக்களும் தளர்ந்த பிணைப்புகளும் உள்ள கண்ணாடி வேண்டும். 1970களின் நடுவில் பிரான்சின் ரென் நகரில் தற்செயலாகக் கிடைத்த சிர்க்கோனியம் ஃபுளூரைடு வகை 4 மைக்ரோமீட்டர் வரை கைகொடுக்கும். ஆர்செனிக் சல்ஃபைடு 6 வரை, செலினைடு 9 வரை, டெல்லூரியம் கலந்தவை அதற்கும் மேலே. கந்தகம், செலினியம் வகை இழைகளில் மீட்டருக்கு 0.1 டெசிபெல் போவது சகஜம். ஆகவே இங்கே பேச்சு கிலோமீட்டரில் இல்லை, மீட்டரில்.

சூடு ஏறினால் என்ன ஆகிறது? நெட்டலைப் பக்கம், அணுக்களின் அதிர்வு வலுத்து, அவை ஒளியை விழுங்குவது, அதாவது உட்கவர்தல், கூடும். அந்த எல்லை குறுகிய அலைநீளத்தை நோக்கி நகரும். குற்றலைப் பக்கம், எலக்ட்ரான்களின் ஆற்றல் இடைவெளி சுருங்குவதால் அந்த எல்லை நீண்ட அலைநீளத்தை நோக்கி வரும். ஒளி புகும் சன்னலின் இரண்டு கதவும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டு வருவது மாதிரி. டெல்லூரியம் கலந்த கண்ணாடியில் இன்னொரு தொல்லை: அது கிட்டத்தட்ட ஒரு குறைக்கடத்தி. சூட்டில் கட்டவிழ்ந்த மின்னூட்டங்கள் பெருகி அவையும் ஒளியை உட்கவரும். வெப்பப் படக்கருவிகளில் வரும் ஜெர்மானியம் வில்லை 100 பாகை செல்சியசை நெருங்கும்போது மங்கிப்போவதும் இதனால்தான்.

ஒளி நாலாபக்கமும் சிதறிப்போகும் ராலே சிதறல் மட்டும் இந்த ஆட்டத்தில் சேராது. கண்ணாடி இறுகியபோது உறைந்துபோன அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளால் வருவது அது. பிறகு இழையை வெயிலில் வைத்தாலும் நிழலில் வைத்தாலும் பெரிதாக மாறாது. ஆகவே மொத்த இழப்பில் ஒரு பகுதிதான் வெப்பநிலைக்கு ஆடுகிறது. நமக்கு வேண்டியது ஒரு பெயர்ச்சொல், அதன்மேல் ஓர் அடை.

ஒளி போகப் போகக் குறைவதைச் சொல்லும் பெயர்ச்சொல்லுக்கு (ஆங்கிலத்தில் attenuation) வந்த மூன்று பரிந்துரைகளில், ‘மெலிவு’ எனக்கு ஒத்துவரவில்லை. இழையையே சூடாக்கி இழுத்து மெலிய வைக்கும் வேலை ஒன்று தனியாக இருக்கிறது. அங்கே போய் முட்டும். ‘தேய்வு’ அழகான சொல், தேய்பிறையில் ஒளிதானே குறைகிறது! ஆனால் தேய்ந்த செருப்பு மறுபடி வளராது. நம் இழையைக் குளிரவிட்டால், கண்ணாடி இளகும் நிலைக்கு வெகு கீழேயே வைத்திருந்தவரை, இழப்பும் பழைய அளவுக்கே இறங்கிவிடும். மீள்கிற ஒன்றுக்குத் ‘தேய்வு’ பொருந்தாது.

மீதி ‘நலிவு’. என் ஓட்டு அதற்கே. ஒளி நலிகிறது என்று வினையாகவும் ஓடும். அலகு நீளத்துக்கான அளவு நலிவெண்; வேண்டுமென்றே ஒளியைக் குறைக்கச் செருகும் கருவி நலிவி. இணைப்பில் போவது, வளைவில் கசிவது எல்லாம் சேர்ந்த மொத்தத்துக்கு ‘ஒளியிழப்பு’ அப்படியே இருக்கட்டும்.

அடைக்கு ஒருவர் தனிமடலில் ‘சூட்டுநலிவு’ என்று எழுதியிருந்தார். நல்ல தமிழ், ஆனால் கேட்டவுடன் மோர் குடிக்கச் சொல்லத் தோன்றுகிறது. குளிர்வித்தால் குறைவதையும் அதே சொல்தானே காட்ட வேண்டும்? நீளம் பார்க்காமல் ‘வெப்பநிலைசார் நலிவு’ என்றே வைப்போம்.

அப்புறம், ‘கண்ணாடி இழை’ வேண்டாம், ‘ஒளியிழை’ போதும். மைத்துனரிடம் புதிய வரியையும் காட்டினேன்: ‘அகச்சிவப்பு ஒளியிழைகளில் வெப்பநிலைசார் நலிவு’. “இது நம்ம வேலை இல்லை” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

---

மறு: மறு: கண்ணாடி இழையில் ‘வெப்ப இழப்பு’

‘வெப்ப இழப்பு’ என் முன்மொழிவு; திரும்பப் பெறுகிறேன். நலிவு, நலிவெண் இரண்டுக்கும் சம்மதம். ‘நலிவி’ மட்டும் ஒரு மாதிரி இருக்கிறது, ‘ஒளிநலிவி’ என்று முழுசாகப் போட்டால் உறுத்தவில்லை. பட்டியலில் ஏற்றிவிடட்டுமா? திங்கள் வரை பார்க்கிறேன்.