மறு: அனொட்டேஷன் – ‘சிறுகுறிப்பு’ வேண்டாம், ‘மேற்குறி’ சரியா?

வணக்கம். ஜாவா நிரலில் ஒரு பண்பைப் பற்றிக் கருவிகளுக்குச் சொல்ல @ போட்டு எழுதுகிறோமே, அந்த அனொட்டேஷனுக்கு ‘மேற்குறி’ என்று சொல்லலாம் என்பது என் யோசனை. வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

> அனொட்டேஷனுக்குச் ‘சிறுகுறிப்பு’ ஏற்கெனவே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது. நூலின் ஓரத்தில் வாசகர் எழுதி வைப்பதற்கு அது அருமையான சொல். நிரலுக்குள் வந்தால்தான் ஆளைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகிறது. நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்.

ஜாவா பாடம் ஒன்றைத் தமிழாக்கியபோது நானும் ‘குறிப்பு’ என்றே எழுதினேன். பாடத்தில் ஒரு வகுப்பு (கிளாஸ்), அதில் ‘பிறந்தநாள்’ என்று ஒரு பண்பு (பிராப்பர்ட்டி). தரவைக் குறிச்சொற்களுக்குள் வைத்திருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பிலோ அது <பிறந்த-நாள்> என்று நடுவில் சிறுகோட்டுடன் இருக்கும். (தமிழெழுத்து இரண்டு பக்கமும் தாராளமாகச் செல்லும். சிறுகோடு மட்டும் எக்ஸ்எம்எல் பெயரில் செல்லும், ஜாவாவில் கழித்தல் குறியாகிவிடும்.) அதனால்தான் பண்பின் தலைக்கு மேல் @ போட்டு, ‘எக்ஸ்எம்எல்எலிமென்ட்’ என்ற அனொட்டேஷனில் ‘பிறந்த-நாள்’ என்று பெயர் கொடுக்கிறோம். பாடத்தைப் படித்த ஒருவர், குறிப்புதானே என்று அந்த வரியை நீக்கிவிட்டார். நிரல் பிழை காட்டாமல் ஓடியது. கோப்பைப் படித்து முடித்தபின் பிறந்தநாள் மட்டும் வெறுமையாக நின்றது. பெயர் கொடுக்காவிட்டால், எக்ஸ்எம்எல் கோப்பை ஜாவா வகுப்போடு பொருத்தும் ஜாக்ஸ்பி (JAXB) என்ற கருவி, பண்பின் பெயரையே கோப்பில் தேடும். தனக்குத் தெரியாத உறுப்பை (எலிமென்ட்) கண்டால், நாம் வேறு மாதிரி சொல்லாதவரை, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். காரணத்தைக் கண்டுபிடிக்க அரைநாள் ஆயிற்று. நீக்கியவர்மேல் தவறில்லை, நான் கொடுத்த சொல்மேல்தான் தவறு.

குறிப்பு, கருத்துரை, விளக்கவுரை எல்லாம் மனிதர் படிப்பதற்கானவை. நிரலில் அந்த வேலையைச் செய்வது கமென்ட், தொகுப்பி (கம்பைலர்) அதைத் தூக்கி எறிந்துவிடும். 2004இல் ஜாவா 5உடன் வந்த அனொட்டேஷன் அப்படியல்ல. மூலநிரலோடு நின்றுவிடலாம், தொகுத்த கோப்பு வரை போகலாம், நிரல் ஓடும்போதும் கூடவே இருக்கலாம். எது என்பதை அதை வரையறுப்பவர் முடிவு செய்கிறார். ஜாக்ஸ்பி தேடிப் படிப்பது மூன்றாம் வகையை. கருவி படித்து அதன்படி நடக்கிற ஒன்றைக் ‘குறிப்பு’ என்பது எனக்கு ஒப்பவில்லை.

முதலில் ‘அடைக்குறி’ என்றுதான் நினைத்தேன். செந்தாமரையில் ‘செம்மை’ முன்னால் நின்று, தாமரையை மாற்றாமல் அதைப் பற்றி ஒன்று சொல்கிறது. இலக்கணத்தில் அதற்கு அடை என்று பெயர். அனொட்டேஷன் செய்வதும் அச்சாக அதேதான். ஆசையாக இருந்தது. ஆனால் ‘அடைக்குறிக்குப் பின் அடைப்புக்குறி போடு’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததும் விட்டுவிட்டேன். பாடம் நடத்தும்போது யாருக்கும் காதில் பிரியாது.

அப்புறம் வந்ததுதான் ‘மேற்குறி’. பண்புக்கு மேல் நிற்கும் குறி. அளபுருவுக்கு (பராமீட்டர்) போடும்போது பக்கத்தில்தானே வருகிறது என்று கேட்கலாம். ‘அதன் மேல் ஒட்டு’ என்கிறோமே, அந்த மேல் என்று கொண்டால் சரியாகிவிடும். ‘மேற்குறியிட்ட பண்பு’, ‘மேற்குறியை நீக்கினால்’ என்று வினையோடும் நன்றாக ஒட்டுகிறது. மேற்கோள்குறியோடு குழம்புமா என்று யோசித்தேன். நடுவில் ‘கோள்’ இருப்பதால் குழம்பாது என்றே படுகிறது.

இன்னொரு வசதி. சி ஷார்ப் மொழியில் இதே சங்கதிக்கு அட்ரிபியூட் என்று பெயர், எக்ஸ்எம்எல்லிலும் உறுப்பின் தொடக்கக் குறிச்சொல்லுக்குள் எழுதும் வேறொரு அட்ரிபியூட் உண்டு. இரண்டையும் பண்புக்கூறு என்றால் ‘பண்புக்கூறுப் பண்புக்கூறு’ என்று எழுத நேரும். ‘பண்புக்கூறு மேற்குறி’, ‘உறுப்பு மேற்குறி’ என்றால் தீர்ந்தது.

வகுப்பின் பண்பையும் கோப்பின் உறுப்பையும் சேர்த்துவைக்கும் மேப்பிங்குக்கு ‘பொருத்தல்’ போதும். ‘இணைப்பு’ வலைப்பக்கச் சுட்டிக்கு (லிங்க்) போய்விட்டது. ‘பொருத்துக’ என்ற கேள்விக்கு எல்லோரும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கோடு போட்டிருக்கிறோம், இங்கே நடப்பதும் அதுதான்.

> எக்ஸ்எம்எல் அடையாளங்காட்டி

ஐடென்டிஃபையருக்குச் சொன்ன இந்தச் சொல்லில் மட்டும் உடன்பாடில்லை. இரண்டு வேறு விஷயங்கள் இதில் கலந்துவிடுகின்றன. <பிறந்த-நாள்> ஒரே கோப்பில் நூறு முறை வரலாம், அது வெறும் பெயர். ஓர் உறுப்பைத் தனித்துக் காட்டும் ஐடி வகை மதிப்போ ஓர் ஆவணத்தில் ஒருமுறைதான் வரலாம், எண்ணில் தொடங்கவும் கூடாது. பதிவெண் 1042ஐ அப்படியே போட முடியாது, ‘ப1042’ என்று எழுத்தை முன்னால் வைக்க வேண்டும். ஜாக்ஸ்பியில் இதற்குத் தனி மேற்குறியே உண்டு. ஆகவே முன்னதைப் ‘பெயர்’ என்றும் பின்னதை ‘அடையாளம்’ என்றும் பிரித்துவிடலாம்.

பைத்தான் மொழியின் டெக்கரேட்டரும் @ போட்டு மேலேதான் நிற்கிறது. ஆனால் அது தனக்குக் கீழுள்ள செயற்கூற்றை (ஃபங்ஷன்) வாங்கி, வேறொன்றை அந்த இடத்தில் வைத்துவிட முடியும். அதை மேற்குறியில் சேர்க்க வேண்டாம் என்பது என் எண்ணம். அதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.