கைபேசியின் தொடர்புப் பட்டியலைச் செயலியிலிருந்து படிப்பது: தாமதமும் மாறிப்போகும் ஐடியும்

கடைக்கணக்கு கேட்டது:

வணக்கம். சிறு கடைகளுக்கான கடன் கணக்குச் செயலி ஒன்றை ஆண்ட்ராய்டில், காட்லின் மொழியில் எழுதி வருகிறேன். கைபேசியில் ஏற்கெனவே உள்ள பெயரையும் எண்ணையும் எடுத்து வாடிக்கையாளராகச் சேர்க்க வேண்டும். தொடர்புகளைப் படிப்பதற்கான ரீட் கான்டாக்ட்ஸ் அனுமதியை மேனிஃபெஸ்டில் (செயலியின் தேவைகளை அறிவிக்கும் கோப்பில்) அறிவித்ததோடு, செயலி ஓடும்போதும் கேட்டுப் பெறுகிறேன். பின்பு, பிற செயலிகளின் தரவைக் கேட்டுப் பெறும் கன்டென்ட் ரிசால்வர் மூலம் கான்டாக்ட்ஸ் அட்டவணையைப் படித்து, கர்சரில் (முடிவு வரிசைகளை ஒவ்வொன்றாகத் தரும் பொருளில்) வரும் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே எண்ணைத் தேடுகிறேன். பெயர்கள் மிகுந்த கைபேசிகளில் திரை அப்படியே நின்றுவிடுகிறது. மேலும், நான் சேமித்துவைத்த கான்டாக்ட் ஐடியைக் கொண்டு பிறகு தேடினால் சிலருடைய பதிவு கிடைப்பதில்லை. இவற்றுக்குக் காரணம் என்ன?

நிரல்வாசி பதில்:

தாமதத்துக்குக் காரணம், பெயருக்கு ஒரு வினவல் வீதம் அனுப்புவதுதான். ஒவ்வொரு வினவலும் உங்கள் செயலியின் புராசஸைத் தாண்டி, தொடர்புகளைப் பராமரிக்கும் கன்டென்ட் புரொவைடரிடம் போய்த் திரும்ப வேண்டும். அதற்கு மாறாக, காமன் டேட்டா கைண்ட்ஸின் கீழுள்ள ஃபோன் பகுதியின் யூஆர்ஐயை (தரவின் முகவரியை) நேரடியாகக் கேளுங்கள். எண், காட்சிப் பெயர், லுக்அப் கீ (தொடர்பை மீண்டும் கண்டறிய உதவும் குறி) ஆகிய மூன்றும் ஒரே வரிசையில் கிடைத்துவிடும். தேவையான பத்திகளை மட்டும் புரொஜெக்‌ஷனில் குறிப்பிடுங்கள். வினவலை மெயின் த்ரெடில் (திரையை இயக்கும் இழையில்) ஓட்டாமல் கோரூட்டீனில் (காட்லினின் பின்னணிப் பணியில்), ஐஓ டிஸ்பேச்சரில் ஓட்டி, கர்சரை யூஸ் தொகுதிக்குள் வைத்தால் அது தானாக மூடப்படும்.

ஒரே ஆளின் எண் வெவ்வேறு கணக்குகளிலிருந்து இருமுறை வரக்கூடும். நார்மலைஸ்டு நம்பர் பத்தியை (எண்ணின் சீரான வடிவத்தை) ஒப்பிட்டு அவற்றை நீக்கலாம். ஆனால் அது சில வரிசைகளில் வெறுமையாக இருக்கும் என்பதையும் நிரலில் கருத வேண்டும்.

ஆலமரம் பதில்:

ஐடி பற்றி மட்டும் சொல்கிறேன். கூகுள் கணக்கு, சிம், வாட்ஸ்அப் என ஒவ்வோர் இடத்திலிருந்தும் வரும் பதிவு முதலில் ரா கான்டாக்ட்ஸ் அட்டவணையில் தனித்தனியாக நிற்கிறது. எண், மின்னஞ்சல் போன்ற விவரங்கள் அவற்றோடு பிணைந்து டேட்டா அட்டவணையில் இருக்கின்றன. ஒரே ஆளுடையவை என்று கணினி கருதும் பதிவுகளைத் தொகுத்து உருவாக்கப்படுவதே கான்டாக்ட்ஸ் வரிசை. ஆகவே, பயனர் இரண்டு பதிவுகளை இணைத்தாலோ பிரித்தாலோ, ஒத்திசைவில் தொகுப்பு மாறினாலோ, அந்த ஐடியும் மாறலாம். நெடுநாளுக்கு வைத்துக்கொள்ள வேண்டியது லுக்அப் கீயைத்தான். ஐடியையும் சேர்த்துக் கெட் லுக்அப் யூஆர்ஐ மூலம் முகவரியை அமைத்தால், ஐடி பொருந்தும்போது தேடல் விரைவாகவும், பொருந்தாதபோது லுக்அப் கீ வழியாகவும் நடக்கும்.

மெல்லினம் பதில்:

மேலே உள்ள இரண்டும் சரியானவை. ஆனால் கடன் கணக்குக்கு முழுப் பட்டியலும் எதற்கு? ஆக்‌ஷன் பிக் இன்டென்ட்டில் (வேறு செயலியிடம் ஒரு வேலையைக் கேட்கும் செய்தியில்) ஃபோனின் கன்டென்ட் டைப்பை, அதாவது தரவு வகையைக் கொடுத்து அழைத்தால், கைபேசியின் தொடர்புச் செயலியே திறந்து, பயனர் தேர்ந்தெடுத்த அந்த ஒரு வரிசையை மட்டும் படிக்கத் தற்காலிக உரிமையோடு யூஆர்ஐயைத் திருப்பித் தரும். ரீட் கான்டாக்ட்ஸ் அனுமதியே தேவையில்லை. கான்டாக்ட்ஸின் டைப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அப்போது பெயர் கிடைக்கும், எண்ணைப் படிக்க மீண்டும் அனுமதி வேண்டியிருக்கும்.

ஆண்ட்ராய்டு 11 முதல், பயனர் இருமுறை மறுத்துவிட்டால் அனுமதிப் பெட்டி மறுபடி தோன்றாது. கடைக்காரர் ஒருவர் தம் தொடர்புகள் அனைத்தையும் ஒரு கணக்குச் செயலிக்குத் திறந்துவிடத் தயங்குவது நியாயமே.

கடைக்கணக்கு பதில்:

நன்றி. இந்த வழியில், பின்னாளில் பெயர் திருத்தப்பட்டால் என் செயலிக்குத் தெரியவருமா?

மெல்லினம் பதில்:

வராது. அந்த உரிமை நிலையானதன்று. ஆகவே தேர்ந்தெடுத்த உடனேயே பெயரையும் எண்ணையும் உங்கள் செயலியின் ரூம் தரவுத்தளத்தில் (கைபேசியிலேயே தரவைச் சேமிக்கும் இடத்தில்) நகலெடுத்துக்கொள்ளுங்கள். மாற்றங்களை உடனுக்குடன் அறிய வேண்டுமானால் முழு அனுமதியும், மாற்றத்தைத் தெரிவிக்கும் கன்டென்ட் அப்சர்வரும் வேண்டும். கணக்கேட்டைப் பொறுத்தவரை, வாடிக்கையாளர் பக்கத்தில் திருத்துவதற்கு ஒரு பொத்தான் இருந்தால் போதும்.